இடது காலுக்கு ஓய்வு

மோட்டார் ஓட்டுகிறவனுக்குக் கால்கள் இரண்டு, மிதிகளோ மூன்று! இந்தக் கணக்கு வழக்கை 1939-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தீர்த்து வைத்தார்கள். 1940-ம் வருஷ ஓல்ட்ஸ்மொபைல் காரில் 57 டாலர் கூடக் கொடுத்தால் 'ஹைட்ராமேட்டிக்' கியர்ப் பெட்டி கிடைத்தது. கிளச் மிதி மறைந்தது.

எலெக்ட்ரிக் விசிறிகள் இரண்டை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், மற்றதும் மெல்லச் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய், அதுதான் சூட்சுமம். விசிறிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே குடித்தனம் நடத்துகின்றன. (தம்பதிகள் யாரையும் நான் குறிப்பிடவில்லை.)

1953 ஆகஸ்டு 12-ந் தேதி மிச்சிகனில், லிவோனியாவிலிருந்த அந்தப் பெட்டித் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. காடிலாக் கார்கள் பெட்டியில்லாமல் நின்றன. கௌரவம் பார்க்க நேரமேது? ப்யூக் காரின் 'டைனாஃப்ளோ' பெட்டியை வாங்கிப் பூட்டி அனுப்பினார்கள்.

கம்பெனி அவசரத்துக்குச் செய்ததை, அமெரிக்க இளைஞர்கள் வீட்டுக் கொட்டகையில் ஆசைக்குச் செய்தார்கள். பழைய காரிலிருந்து பெட்டியைக் கழற்றி வேறு என்ஜினில் மாட்டுவார்கள். போல்ட் துளைகள் ஒத்துப் போகாது. நடுவே ஒரு இரும்புத் தகடு வெட்டிப் பொருத்த வேண்டும். அதன் மையம் மயிரிழை விலகினாலும் ஆபத்து.

அதைவிடச் சோதனை, விசிறிகள் அடைபட்ட 'டார்க் கன்வர்ட்டர்' என்னும் உருண்டை. அதைத் திருப்பித் திருப்பி, எண்ணெய்ப் பம்பில் கவ்வும் வரை உள்ளே தள்ள வேண்டும். கொஞ்சம் இடைவெளி தெரிந்தால், போல்ட்டை முடுக்கியே இழுத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். முடுக்கினால் பம்பு உடையும். பிறகு முதல் போல்ட்டிலிருந்து கழற்ற வேண்டியதுதான்.