உயிர்த்தெழுதல் நம்பிக்கை (கிறிஸ்தவம்)

காலத்தின் முடிவில் கடவுள் இறந்தவர்களை உடலோடு எழுப்பி, இனிச் சாவுக்கு ஆட்படாத வாழ்வைத் தருவார் என்பது கிறிஸ்தவர்களின் உயிர்த்தெழுதல் நம்பிக்கை. நாசரேத்தூர் இயேசு சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் எழுந்தார் என்ற அறிக்கை இதன் அடித்தளம். அவருக்கு நடந்தது அவரோடு முடிந்துவிடவில்லை, எல்லோருக்கும் நடக்கப்போவதன் தொடக்கம் அது என்று ஆதிச் சபை எடுத்துக்கொண்டது. 381ஆம் ஆண்டுக் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நிசேயா விசுவாச அறிக்கை இந்த எதிர்பார்ப்போடுதான் முடிகிறது. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் சீர்திருத்தச் சபையாரும் எத்தனையோ விஷயங்களில் பிரிந்து நிற்கிறார்கள், இதில் பிரிவதில்லை.

ஆன்மா அழியாதது, சாவுக்குப் பின் அது கூட்டைவிட்டு விண்ணகம் போய்ச் சேரும் என்பதே கிறிஸ்தவப் போதனை எனப் பலர் எண்ணுகிறார்கள். அடக்க ஆராதனைப் பிரசங்கங்களும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன. புதிய ஏற்பாட்டில் அழுத்தம் விழுவது வேறிடத்தில். அங்கே சாவு ஆன்மாவுக்குக் கிடைக்கும் விடுதலையாகப் பேசப்படுவதில்லை; கடைசியாக வீழ்த்தப்பட வேண்டிய பகையாகவே பேசப்படுகிறது. அழிந்த உடல் மீட்கப்படும்வரை அந்தப் பகை தோற்றதாகாது. இந்த ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டால் இரண்டாயிரம் ஆண்டு விவாதங்களும் விளங்கும்.

யூத வேர்கள்

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி மறுமையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நல்லவரும் கெட்டவரும் பாதாளம் என்ற இருண்ட இடத்துக்குப் போகிறார்கள். அங்கே கடவுளைத் துதிக்கும் குரல்கூட எழாது என்று சங்கீதங்கள் வருந்துகின்றன. எசேக்கியேல் 37இல் உலர்ந்த எலும்புகள் ஒன்றுசேர்ந்து உயிர்பெறும் காட்சி வருகிறது. அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஒரு தேசம் மீண்டும் எழும் என்பதற்கான உருவகம்; தனிமனிதரின் மறுவாழ்வு அங்கே பேச்சல்ல.

நம்பிக்கை தெளிவாக வெளிப்படுவது தானியேல் புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தில். ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதைக் கி.மு. 165ஐ ஒட்டிய காலத்தில் வைக்கிறார்கள். சிரியாவின் கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கஸ் யூத நியாயப்பிரமாணத்தைத் தடைசெய்து, எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய நாட்கள் அவை. கட்டளையைக் கைக்கொண்டவர் நீண்டநாள் வாழ்வார் என்பது பழைய கணக்கு. இப்போது கைக்கொண்டதாலேயே இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள், கணக்கு உடைந்தது. அவர்களுக்கு நீதி எங்கே என்ற கேள்விக்குப் பதிலாகவே உயிர்த்தெழுதல் நம்பிக்கை வலுப்பெற்றது. 2 மக்கபேயர் 7ஆம் அதிகாரத்தில் ஏழு சகோதரர்கள் தாயின் கண்முன்னே சித்திரவதைப்படுகிறார்கள். மூன்றாமவன் நாக்கையும் கைகளையும் தானே நீட்டிக் கொடுத்து, இவற்றைக் கடவுளிடமிருந்து திரும்பப் பெறுவேன் என்கிறான். வெட்டப்பட்ட அதே கைகளைக் கேட்கும் இந்தப் பிடிவாதத்தைப் பின்னால் கிறிஸ்தவம் முழுமையாகச் சுவீகரித்துக்கொண்டது. (இந்நூல் கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் வேதாகமங்களில் உண்டு; சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இல்லை.)

இயேசுவின் காலத்தில் யூதர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. பரிசேயர் ஏற்றார்கள், ஆலய ஆசாரியத்துவத்தோடு நெருங்கியிருந்த சதுசேயர் மறுத்தார்கள். ஒரே பெண்ணை அடுத்தடுத்து மணந்து இறந்த ஏழு சகோதரர் கதையைச் சொல்லி அவர்கள் இயேசுவை மடக்கப் பார்த்தது மாற்கு 12இல் இருக்கிறது. கி.பி. 70இல் ஆலயம் இடிந்ததோடு சதுசேயர் மறைந்தனர். யூத மதத்தில் பரிசேயர் நிலைப்பாடே நின்றது.

கல்லறையும் சாட்சிகளும்

உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களைப் பட்டியலிடும் மிகப் பழைய எழுத்து நற்செய்தி நூல்கள் அல்ல. கி.பி. 53–55ஐ ஒட்டி எபேசுவிலிருந்து பவுல் எழுதிய முதலாம் கொரிந்தியர் நிருபத்தின் 15ஆம் அதிகாரம் அது. கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார், பேதுருவுக்கும் பன்னிருவருக்கும் தோன்றினார் என்று அங்கே வரும் சுருக்கத்தைத் தான் பெற்றுக்கொண்டதாகப் பவுலே சொல்கிறார். ஐந்நூறுக்கு மேற்பட்டோருக்கு ஒரே வேளையில் தோன்றியதையும், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருப்பதையும் சேர்க்கிறார். கடைசிப் பெயர் பவுலுடையதே.

அந்தப் பட்டியலில் பெண்கள் இல்லை. நான்கு நற்செய்திகளிலோ வாரத்தின் முதல் நாள் விடியலில் கல்லறைக்குப் போனவர்கள் பெண்கள்தான். நான்கிலும் மகதலேனா மரியாள் இருக்கிறார். பெண்களின் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைந்த சமுதாயத்தில் கதை கட்டுகிறவர் இவர்களை முதல் சாட்சிகளாக நிறுத்தியிருக்க மாட்டார் என்பது இதை வரலாறாக ஏற்போரின் வாதம். வெறுமையான கல்லறையைப் பவுல் நேரடியாகக் குறிப்பிடவில்லை, நற்செய்திகளின் விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது ஐயுறுவோரின் வாதம். பொருந்தவில்லை என்பது உண்மைதான். மத்தேயுவில் சீடர்கள் கலிலேயாவில் காண்கிறார்கள். லூக்காவில் எல்லாம் எருசலேமைச் சுற்றியே நடக்கிறது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் மாற்கு நற்செய்தி 16:8இலேயே நின்றுவிடுகிறது. பெண்கள் பயந்து யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போனதே அதன் கடைசிச் செய்தி.

இயேசு எழுந்த கணத்தை நற்செய்தியாளர் நால்வரில் ஒருவரும் விவரிக்கவில்லை. எகிப்தின் அக்மீம் நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டெடுக்கப்பட்ட பேதுருவின் நற்செய்தி அந்த இடைவெளியை நிரப்புகிறது: வானளாவிய உருவங்கள் கல்லறையிலிருந்து வெளிவருகின்றன, பின்னால் சிலுவை நடந்து வந்து பேசுகிறது. சபை அதை வேதாகமத்தில் சேர்க்கவில்லை. படித்துப் பார்த்தால் நால்வரின் சொல்லடக்கம் எவ்வளவு பெரியதென்று தெரியும்.

பெத்தானியாவில் இயேசு எழுப்பிய லாசரு மீண்டும் இறக்க வேண்டியவர். பழைய வாழ்வுக்கே திரும்பியவர். இயேசுவின் எழுச்சியைச் சபை அந்த வகையில் சேர்ப்பதில்லை. அவர் மீன் சாப்பிடுகிறார், பூட்டிய அறைக்குள்ளும் நிற்கிறார். ஆணித் தழும்பைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற தோமாவுக்குத் தழும்புகளையே காட்டுகிறார். மகிமையடைந்த உடலிலும் காயங்கள் ஆறி மறையவில்லை என்பது யோவான் நற்செய்தி விட்டுச்சென்ற ஆழமான குறிப்பு. அந்தத் தோமா பின்னாளில் இந்தியா வந்து மயிலாப்பூரில் அடக்கம்பண்ணப்பட்டார் என்பது தென்னிந்தியக் கிறிஸ்தவ மரபு. சென்னை சாந்தோம் பேராலயம் அந்த இடத்தில் எழுந்ததாகவே அம்மரபு சொல்கிறது.

கொரிந்தியருக்குப் பவுலின் பதில்

இயேசுவின் எழுச்சியைக் கொரிந்துச் சபையார் மறுத்ததாகத் தெரியவில்லை. இறந்தோர் எல்லோரும் எழுவார்கள் என்பதில்தான் சிலருக்குத் தயக்கம். ஆன்மா உடலாகிய சிறையிலிருந்து தப்புவதே நல்ல சாவு என்று பிளேட்டோவின் வழியில் எண்ணிப் பழகிய கிரேக்க உலகுக்கு, பிணம் எழும் என்ற பேச்சு அருவருப்பாகவே பட்டிருக்கும். ஏதென்ஸ் அரியோபாகில் பவுலின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டவர்களில் சிலர் இந்த இடம் வந்ததும் நகைத்ததை அப்போஸ்தலர் நடபடிகள் பதிவுசெய்கிறது.

58 வசனங்கள் கொண்ட முதலாம் கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில் பவுல் பின்வாங்கவே இல்லை. இறந்தோர் எழுவதில்லை என்றால் கிறிஸ்துவும் எழவில்லை. அவர் எழவில்லை என்றால் விசுவாசம் வீண், நம்மைவிடப் பரிதாபத்துக்குரியவர் யாருமில்லை என்று எல்லாவற்றையும் ஒரே பந்தயத்தில் வைக்கிறார். கிறிஸ்துவை அறுவடையின் முதற்பலன் என்கிறார்: முதற்கதிர் வந்துவிட்டதென்றால் வயல் முழுவதும் விளைகிறது. எந்த உடலோடு எழுவார்கள் என்ற கேள்விக்கு விதையையும் பயிரையும் காட்டுகிறார். விதைத்தது அழியும், முளைப்பது வேறு தோற்றம், ஆனாலும் தொடர்ச்சி அறுவதில்லை. முளைப்பதை அவர் ஆவிக்குரிய உடல் என்பதால், அது சதையற்றது என்று சிலரும், ஆவியானவரால் இயங்கும் உடல் என்று சிலரும் இன்றுவரை வாதிடுகிறார்கள். இரண்டாம் பொருளே அதிகாரத்தின் ஓட்டத்துக்குப் பொருந்துகிறது. மரித்தோருக்காக ஞானஸ்நானம் பெறுவோர் என்று 29ஆம் வசனத்தில் வருவோர் யார் என்பதற்கோ விளக்கங்கள் குவிந்துகிடக்கின்றன, தீர்வு இல்லை.

முடிவில் ஏசாயாவையும் ஓசியாவையும் இணைத்து மரணத்தை ஏளனம் செய்கிறார். ஓசியா தீர்க்கதரிசியின் மூலத்தில் அந்தச் சொற்கள், தவறு செய்த மக்கள்மேல் மரணத்தை அழைக்கும் மிரட்டலாகப் பலராலும் வாசிக்கப்படுபவை. பவுல் அதை மரணத்தின் முகத்திலேயே திருப்பி எறிகிறார். கடைசி வசனம் இன்னும் வியப்பு: விண்ணகக் கனவுக்குப் போகாமல், உழைப்பில் உறுதியாயிருங்கள், அது வீணாகாது என்று முடிக்கிறார். கி.பி. 50ஐ ஒட்டி எழுதிய முதலாம் தெசலோனிக்கேயர் நிருபத்திலும் இதே நடைமுறை நோக்கு உண்டு. உறவினரை இழந்தவர்களை அழக் கூடாது என்று அவர் தடுக்கவில்லை; நம்பிக்கையற்றவர்களைப்போல அழ வேண்டாம் என்கிறார்.

உடலுக்கான வாதங்கள்

இரண்டாம் நூற்றாண்டின் ஞானவாதக் குழுக்கள் பருப்பொருளையே இழிவாகக் கண்டன. உயிர்த்தெழுதல் என்பது இப்போதே கிடைக்கும் ஞானம் என்றன. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிகளில் இப்பொருள் பற்றியே ஒரு கடிதம் உண்டு. லியோன் ஆயர் இரேனியுஸ் சுமார் 180இலும் கார்த்தேஜின் தெர்த்துல்லியன் அடுத்த தலைமுறையிலும் இதை எதிர்த்து எழுதினார்கள். கடவுள் படைத்தது உடல், மனுவுரு எடுத்தது உடலில், ஆகவே மீட்பும் உடலுக்கே என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

வாதம் ஏட்டில் மட்டும் நடக்கவில்லை. 177இல் லியோனில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். அவர்கள் எழும் நம்பிக்கையே இல்லாமல் போகட்டும் என்பதற்காக அப்படிச் செய்ததாக வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பாதுகாத்த கடிதம் சொல்கிறது. கொன்றவர்களுக்கும் இந்த நம்பிக்கை எதைப் பற்றியது என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

அகுஸ்தீன் தம் ‘கடவுளின் நகரம்’ நூலின் 22ஆம் பகுதியில் விசித்திரமான கேள்விகளையும் பொறுமையாக எடுத்துக்கொள்கிறார். வெட்டிய நகமும் முடியும் என்னவாகும்? பஞ்சத்தில் ஒருவர் சதையை மற்றொருவர் தின்றிருந்தால் அது யாருடையது? இறந்த குழந்தைகள் எந்த வயதில் எழுவார்கள்? இன்று சிரிப்பு வரலாம். ஆனால் இந்த மனிதர் இதே மனிதராக எழ வேண்டும் என்றால் இவற்றைக் கேட்காமல் தப்ப முடியாது. பெண்கள் பெண்களாகவே எழுவார்கள், மறைசாட்சிகளின் தழும்புகள் அழகாகத் தங்கும் என்றும் அவர் கூறினார். தாமஸ் அக்குவினாஸ் கொரிந்தியர் நிருப உரையில், ஆன்மா மட்டுமே நான் ஆகிவிடாது என்று ஒரே வீச்சில் சொல்லிவிட்டார்.

சாவுக்கும் எழுச்சிக்கும் இடைப்பட்ட காலம் இன்னொரு சிக்கல். புனிதர்களும் இறுதித் தீர்ப்புவரை கடவுளை முழுமையாகக் காண்பதில்லை என்று திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் 1331இல் பிரசங்கித்துப் பெரும் சர்ச்சையில் சிக்கினார். மரணப்படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றார். 1336இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் எதிர்நிலையைக் கோட்பாடாக்கினார். ஆன்மா உடனே பேரின்பம் அடைகிறது என்றபின் உடலுக்குக் காத்திருப்பது ஏன் என்ற கேள்வி பின்தங்கிப்போனது. மேற்குலகப் பக்தி அங்கேதான் பாதை மாறியது.

கலையும் வழிபாடும்

சிரியாவின் தூரா யூரோப்பஸில் மூன்றாம் நூற்றாண்டு வீட்டுத் தேவாலயத்தில் பெண்கள் கல்லறையை நோக்கி நடக்கும் ஓவியம் என்று பலர் கருதும் சித்திரம் இருந்தது. ரோம் நிலத்தடிக் கல்லறைகளில் யோனாவும் லாசருவும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். கிழக்கத்திய மரபின் உயிர்ப்பு ஓவியத்தில் கிறிஸ்து தனியாக எழுவதில்லை; பாதாளத்தின் கதவுகளை மிதித்து நின்று ஆதாமையும் ஏவாளையும் கையைப் பிடித்து இழுக்கிறார். இஸ்தான்புல்லின் கோரா ஆலயத்தில் (இன்று பள்ளிவாசல்) பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தீட்டப்பட்ட சுவரோவியம் இதன் உச்சம். மரணத்தின் மேலான வெற்றியைக் காட்ட மேற்குலகம் வரைந்த எதுவும் இதற்கு ஈடாகாது.

கத்தோலிக்கர் உயிர்ப்புத் திருவிழிப்பில் இருட்டில் புதுத் தீ மூட்டிப் பாஸ்காத் திரி ஏற்றுகிறார்கள். நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குடும்பங்கள் கல்லறைகளைக் கழுவி, மாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி மந்திரிப்புக்குக் காத்திருக்கும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்புகளில் 250க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மக்கபேயர் காலத்து நீதிக் கேள்வி அங்கே மறுபடி எழுந்தது. விசாரணை கோரும் உறவினர்களின் குரலில் அது இன்னும் ஓயவில்லை.

நவீன விவாதங்கள்

1941இல் இறையியலாளர் ருடால்ஃப் புல்ட்மன், புதிய ஏற்பாட்டின் தொன்மப் போர்வையை விலக்கி அதன் அழைப்பை மட்டும் கேட்க வேண்டும் என்றார். 1955இல் ஹார்வர்டில் ஆஸ்கர் குல்மன் ஆற்றிய உரை நேரெதிர்த் திசையில் போனது. நஞ்சை அமைதியாகக் குடித்த சாக்ரடீசையும் கெத்செமனேயில் நடுங்கி அழுத இயேசுவையும் அருகருகே நிறுத்தி, சாவை நண்பனாகக் கண்டவர் முதலாமவர், பகையாகக் கண்டவர் இரண்டாமவர் என்று காட்டினார். தாம் எழுதியவற்றில் இவ்வளவு எதிர்ப்பைக் கிளப்பியது வேறில்லை என்று அவரே குறிப்பிட்டார். 1943இல் ஹாம்பர்க் குண்டுவீச்சில் பக்கத்திலிருந்த நண்பனை இழந்து, பின் போர்க்கைதியாக இருந்த யூர்கன் மோல்ட்மன் 1964இல் ‘நம்பிக்கையின் இறையியல்’ எழுதினார். உயிர்த்தெழுதலை எதிர்பார்ப்பவர் இருக்கும் உலகோடு சமாதானமாகிவிட முடியாது என்பது அவர் வாதம். ஆய்வாளர் என். டி. ரைட் உயிர்த்தெழுதல் பற்றி 2003இல் வெளியிட்ட பெருநூல் யூதப் பின்னணியை மையத்துக்குக் கொண்டுவந்தது.

அடக்கமும் தகனமும்

இயேசு அடக்கம்பண்ணப்பட்டதால் அடக்கமே கிறிஸ்தவ வழக்கமாயிற்று. உயிர்த்தெழுதலை மறுக்கும் அடையாளமாக ஐரோப்பாவில் தகனம் பரப்பப்பட்டபோது 1886இல் கத்தோலிக்கச் சபை அதைத் தடைசெய்தது, 1963இல் தளர்த்தியது. 2016இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல் அடக்கத்தையே விரும்பிப் பரிந்துரைக்கிறது. தகனத்தை அனுமதித்தாலும் சாம்பலைத் தூவுவதை ஏற்பதில்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாகத் தகனத்தை ஏற்பதில்லை. சீர்திருத்தச் சபைகளில் பல குடும்பத்தின் முடிவுக்கே விட்டுவிடுகின்றன. சாம்பலாய்ப் போனவரைக் கடவுளால் எழுப்ப முடியாது என்று இவற்றில் எதுவும் போதிப்பதில்லை.