பேகனின் பட்டியலும் காந்தியின் கணக்கும்

முதன்முறையாக அயல்நாட்டு நகரம் ஒன்றுக்குத் தனியே புறப்படும் இளைஞரின் கையில் எந்த நூலைக் கொடுப்பது என்று கேட்டால், அருகருகே வைத்துப் படிக்க வேண்டிய இரண்டைச் சொல்வேன். ஒன்று, பிரான்சிஸ் பேகன் தம் கட்டுரைத் தொகுப்பின் 1625ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த, பயணம் பற்றிய கட்டுரை. மற்றொன்று, லண்டனில் சட்டம் படித்துத் திரும்பிய காந்தி, 1893–94 வாக்கில் தென்னாப்பிரிக்காவில் எழுதியதாகக் கருதப்படும் லண்டன் வழிகாட்டி. முன்னது சில பக்கங்களே கொண்டது. நானூறு ஆண்டுகளாக அச்சில் இருக்கிறது. பின்னது பல அதிகாரங்களாக விரிவது. எழுதியவர் வாழ்நாளில் அச்சேறவே இல்லை. எழுதும்போது பேகனுக்கு வயது 64. காந்திக்கு ஏறத்தாழ 24.

ஒருவர் இங்கிலாந்திலிருந்து வெளியே போகிறவருக்கு எழுதினார். மற்றவர் இங்கிலாந்துக்குள் வருகிறவருக்கு எழுதினார். இவ்வளவு எதிரெதிரான இருவரின் இளமையை ஒப்பிடும்போதுதான் முதல் வியப்பு காத்திருக்கிறது. பேகன் 1576இல், 15 வயதில், இங்கிலாந்துத் தூதரின் பரிவாரத்தோடு பாரிசுக்குப் போனார். காந்தி 1888 செப்டம்பர் 4 அன்று, 19 நிறையச் சில வாரங்கள் இருக்கையில், பம்பாயில் கப்பலேறினார். தந்தை இறந்த செய்தி பேகனை 1579இல் ஊருக்கு அழைத்தது. 1891இல் ஊர் திரும்பிய பிறகே தாய் இறந்த செய்தி காந்திக்குச் சொல்லப்பட்டது. இருவரும் லண்டனின் பழைய சட்ட மன்றங்களில் பயின்று பாரிஸ்டர் ஆனவர்கள். பேகன் கிரேஸ் இன்னில், காந்தி இன்னர் டெம்பிளில். இரண்டு அறிவுரைகளிலும் வழக்கறிஞரின் கை தெரிவதற்கு இதுவே காரணம் என்று தோன்றுகிறது. எதையும் பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், தலைப்புப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்கள்.

ஆனால் எடுத்து வைக்கும் பொருள்கள் வேறு. பேகனின் பட்டியல் கண்ணுக்கானது. அரசவை, நீதிமன்றம், தேவாலயம், மடம், கோட்டைச் சுவர், துறைமுகம், பழைய இடிபாடு, நூலகம், கல்லூரி விவாதம், ஆயுதக்கிடங்கு, வணிகர் கூடுமிடம், பண்டகசாலை, நாடகம் என்று நீள்கிறது அது. பார்த்தே ஆகவேண்டியவை இவை என்கிறார். திருமணம், இறுதிச் சடங்கு போன்ற காட்சிகளை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை, ஆனால் அவற்றைப் புறக்கணிக்கவும் வேண்டாம் என்கிறார். காந்தியின் பட்டியலோ பெட்டிக்கும் பைக்குமானது. யார் போகலாம் என்ற கேள்வியில் தொடங்கி, உடல்நலம், கையிருப்பு, கப்பல் வகுப்பு, எடுத்துச் செல்ல வேண்டிய உடுப்புகள், அவற்றின் விலை, அறை வாடகை, காலை உணவின் செலவு என்று இறங்கிக்கொண்டே போகிறது. வாரத்துக்கு ஒரு பவுண்டில் லண்டனில் நன்றாகவே வாழலாம் என்பதை நிறுவுவதே அதன் மைய வாதம்.

இந்த வேறுபாட்டின் வேர் துணையில் இருக்கிறது. பேகனின் இளைஞன் தனியாகப் போவதே இல்லை. மொழி தெரிந்த, அந்த நாட்டில் முன்பே இருந்த ஆசிரியரோ மூத்த பணியாளரோ கூட வருகிறார். எங்கே உறங்குவது, எதை உண்பது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கவலை அவருடையது. அதனால்தான் பேகனால் நேராக அரசவைக்குப் போக முடிகிறது. காந்தியின் வாசகருக்கு அப்படி ஒருவர் இல்லை. அந்தப் பணியாளரின் வேலையை நூலே செய்ய வேண்டியிருக்கிறது. சட்டை எத்தனை, காலுறை எத்தனை என்று அவர் எண்ணிக்கொண்டிருப்பதை அற்பம் என்று தள்ளுகிறவர்கள், அந்த எண்ணிக்கை தெரியாமல் ஓர் அந்நிய நகரத்தின் முதல் இரவைக் கழித்திராதவர்கள். அவருடைய வாசகர் சில ஆண்டுகள் தங்கிப் படிக்கப் போகிறவர், ஒரு வாரத்துக்குப் போகிறவர் அல்லர் என்பது உண்மைதான். ஆயினும் முதல் சில நாள்களின் தடுமாற்றம் இருவருக்கும் ஒன்றே.

அந்தத் தடுமாற்றத்தைக் காந்தி தம் உடம்பில் அறிந்தவர். செப்டம்பர் கடைசியில், எல்லோரும் வேறு உடுப்பில் இருக்க, அவர் மட்டும் வெள்ளைப் பிளானல் உடையில் கரை இறங்கினார். பெட்டிகள் வேறொருவர் பொறுப்பில் போய்விட்டன, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, உடை மாற்ற வழியில்லை. தம் தன்வரலாறான ‘சத்திய சோதனை’யில் இதைச் சொல்லும்போது 30 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தும் அந்த வெட்கம் ஆறவில்லை. வந்திறங்கும் நாளுக்கான உடை பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும் என்ற இன்றைய அறிவுரைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மொழியிலும் அப்படியே. மொழியில் ஓரளவாவது நுழையாமல் ஒரு நாட்டுக்குப் போகிறவன் பயணம் போகவில்லை, பள்ளிக்கூடம் போகிறான் என்பது பேகனின் கருத்து. எழுத்தில் கடுமையாகத் தெரியும் இதைக் காந்தியின் கப்பல் வாழ்க்கை மெய்ப்பிக்கிறது. ஆங்கிலம் படித்தவர்தான், ஆனால் பேசப் பழகியவர் அல்லர். பரிமாறப்படும் உணவில் எது இறைச்சி கலவாதது என்று கேட்கத் துணிவில்லாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் தின்றுகொண்டு அறைக்குள்ளேயே நாள்களைப் போக்கினார். இலக்கணம் தெரிந்திருப்பது வேறு, “இதில் இறைச்சி உண்டா?” என்று கேட்க வாய் வருவது வேறு. புறப்படும் முன் பழகிக்கொள்ள வேண்டியது அந்த நகரத்தின் மொழியில் பத்துக் கேள்விகள். அவற்றை உரக்கச் சொல்லிப் பழக வேண்டும்.

இனி உணவு மேசைக்கு வருவோம். இந்த ஒப்பீட்டில் மிகவும் மகிழ்ச்சி தரும் இடம் அதுதான். சொந்த நாட்டாரின் கூட்டத்திலிருந்து விலகு, அந்த ஊர்க்காரர்கள் உண்ணும் இடத்தில் உண் என்கிறார் பேகன். தாயிடம் மூன்று சத்தியம் செய்துவிட்டு வந்த காந்தியால் இதைப் பின்பற்றவே முடியாது என்றுதான் எவரும் நினைப்பர். மதுவும் இறைச்சியும் விலக்கப்பட்டவருக்கு லண்டனின் எந்த மேசை திறந்திருக்கும்? நடந்ததோ நேர்மாறு. பசியோடு தெருத்தெருவாக நடந்தவர் பாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டார். அங்கேயே ஹென்றி சால்ட்டின் சைவ உணவு பற்றிய நூலை வாங்கினார். அதன் வழியே லண்டன் சைவ உணவுச் சங்கத்துக்குள் நுழைந்தார். அதன் செயற்குழுவில் இடம்பெற்றார். தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு சைவ மன்றமே தொடங்கினார். ஜோசையா ஓல்ட்ஃபீல்டு தலைவர், எட்வின் ஆர்னால்டு துணைத் தலைவர், காந்தி செயலாளர். பேகன் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார். காந்திக்கு அவருடைய விரதமே அறிமுகக் கடிதமாகியிருக்கிறது. பிடிவாதமான ஒரு பழக்கம் பயணத்துக்குத் தடை என்று இளைஞர்களுக்குச் சொல்லப்படுகிறது. அந்தப் பழக்கத்தை உண்மையாகக் கடைப்பிடிப்பவர், அந்த ஊரிலேயே அதே பழக்கம் உள்ளவர்களைத் தேடிப்போக நேரும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

தங்குமிடத்தில் இருவரும் ஒரே அறிவுரைக்கு எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து சேர்கிறார்கள். ஒரே நகரத்தில் இருந்தாலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அறையை மாற்றிக்கொண்டே இரு என்கிறார் பேகன். புதிய மனிதர்கள் அறிமுகமாவார்கள் என்பது அவர் காரணம். காந்தியும் மாறிக்கொண்டே இருந்தார்: பெரிய விடுதி, நண்பரின் அறை, ஒரு குடும்பத்தோடு தங்கல், தனியாக இரண்டு அறை, பிறகு ஒரே அறை. அவர் காரணம் செலவு. வேலை இருக்கும் இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்து போகும்படி அறை பார்த்தார். பேருந்துக் காசு மிஞ்சியது. நாளுக்கு எட்டு, பத்து மைல் நடை சேர்ந்தது. நகரத்தை அறிய விரும்பியவர் இடம் மாறினார். காசை மிச்சப்படுத்த விரும்பியவர் நகரத்தை அறிந்தார். ஒரு வாரப் பயணத்தில்கூட இதைச் செய்யலாம். பாதி நாள்களை ஒரு பகுதியிலும் மீதியை வேறொரு பகுதியிலும் கழித்தவர் இரண்டு ஊர்களைப் பார்த்தவர் ஆகிறார்.

எழுதுவதிலும் இதே இணை. கடலும் வானமும் தவிர வேறெதுவும் இல்லாத கப்பலில் நாட்குறிப்பு எழுதுகிறவர்கள், பார்க்க இவ்வளவு இருக்கும் தரைப் பயணத்தில் அதை விட்டுவிடுகிறார்களே என்று பேகன் வியக்கிறார். காந்தி எழுதிய லண்டன் நாட்குறிப்பு 120 பக்கம் அளவுக்கு இருந்தது. படியெடுக்கப்பட்டு நமக்கு எஞ்சியது ஏறத்தாழ 20 பக்கம். அதில் பெரும்பகுதி புறப்பாடும் கடற்பயணமும்தான். லண்டனைப் பற்றிய பக்கங்கள் போய்விட்டன. பேகனின் குறையை விதி இவ்வாறு நிறைவேற்றியிருக்க வேண்டாம். ஆனால் காந்திக்கு இன்னொரு நாட்குறிப்பும் இருந்தது. ஒவ்வொரு காசையும், பேருந்துக் கட்டணம், அஞ்சல் தலை, செய்தித்தாள் வரை, அன்றன்றே கணக்கெழுதி, படுக்கும் முன் இருப்பைச் சரிபார்ப்பார். ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சிக்கொண்டு, நாளுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் செலவில் சாப்பாட்டை முடித்த காலம் அது. பத்துப் பவுண்டுக்குப் பாண்டு தெருவில் தைத்த மாலை உடையும், நடனம், வயலின், பேச்சுப் பயிற்சிக்குக் கட்டிய பணமும் அதற்கு முந்தைய காலத்தவை. பேகனின் நாட்குறிப்பு கண்ட காட்சியைக் காக்கும். காந்தியின் கணக்கு, காணாமலே கழிந்த நாளையும் காட்டிக்கொடுக்கும். இரண்டில் ஒன்றையே செய்ய முடியும் என்றால் கணக்கைத்தான் சொல்வேன். சோர்ந்துபோன இரவில் அழகாக எழுத வராது. ஐந்து வரிச் செலவை எவராலும் எழுத முடியும். பின்னாளில் அந்த வரிகளிலிருந்து தெருக்களே திரும்பி வரும்.

நடத்தை பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். பேகன் அஞ்சுவது சண்டையை. காதல், மதுக்கிண்ணம், இருக்கை வரிசை, வாய்ச்சொல் இவற்றால் வாள் உருவப்படும் காலம் அது. லண்டனில் காந்தியைப் பார்க்க வந்த பிராண்ஜீவன் மேத்தா முதல் நாளே அவருக்குச் சொன்னவை இன்னும் பயன்படுபவை: பிறர் பொருளைத் தொடாதே, முதல் சந்திப்பிலேயே சொந்த விவரம் கேட்காதே, உரக்கப் பேசாதே. மேத்தாவின் பட்டுத் தொப்பியை எடுத்துத் தடவிப் பார்த்து அதன் மயிரைக் கலைத்த பிறகே இந்தப் பாடம் கிடைத்தது.

இருவரும் பேசாத இடம் ஒன்று உண்டு. இரண்டு நூல்களும் ஆண்களுக்கு ஆண்கள் எழுதியவை. தனியே போகும் பெண் அவற்றில் எங்கும் இல்லை. பகல் வெளிச்சத்தில் ஊர் சேரும்படி பயணச்சீட்டு எடுப்பது, முதல் இரண்டு இரவுக்கான அறையை முன்பே உறுதிசெய்வது, அதன் முகவரியை வீட்டில் எழுதி வைப்பது, கடவுச்சீட்டின் நகலைத் தனியே வைத்துக்கொள்வது ஆகியவற்றை நாம்தான் சேர்க்க வேண்டும். காந்தியின் அதிகாரங்களுக்குள் இவை எளிதில் பொருந்தும். பேகனின் பக்கங்களில் இவற்றுக்கு இடமில்லை.

திரும்பி வருவதைப் பற்றி மட்டும் பேகன் காந்தியைவிட ஆழமாக யோசித்திருக்கிறார். பயணம் உடுப்பிலும் பாவனையிலும் தெரிய வேண்டாம், பேச்சில் தெரியட்டும். அந்தப் பேச்சும் கேட்டால் சொல்வதாக இருக்கட்டும். சொந்த ஊர் வழக்கத்தை விற்றுவிட்டு அயல் வழக்கத்தை வாங்காமல், அங்கிருந்து சில பூக்களை மட்டும் கொண்டுவந்து நடலாம் என்கிறார். சிக்கனத்தை லண்டனில் கற்ற காந்தி, ராஜ்கோட் வீட்டில் இதற்கு மாறாக நடந்தார். தேநீருக்கும் காப்பிக்கும் பதிலாக வந்த கஞ்சியும் கோகோவும் அவற்றோடு கூடுதலாகச் சேர்ந்துகொண்டன; ஐரோப்பிய உடையும் புகுந்தது; வீட்டுச் செலவு ஏறியது.

ஆனால் பேகனின் கடைசி வேண்டுகோள் ஒன்றைக் காந்தி அளவுக்கு நிறைவேற்றியவர்கள் குறைவு. விட்டுவந்த நாட்டில் மதிக்கத்தக்கவர்களோடு தொடர்பை அறுத்துவிடாதே என்பது அது. 1931 நவம்பரில், வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த காந்தி, லண்டன் சைவ உணவுச் சங்கக் கூட்டத்தில் பேசினார். அருகில் அமர்ந்திருந்தவர் ஹென்றி சால்ட். அப்போது அவருக்கு வயது 80.