கேள்வி கேட்காத செட்டர்

காரைக்காலிலிருந்து பேசுறேன். 1954 வரை எங்க ஊர் பிரெஞ்சு ஆட்சியில இருந்துச்சு. பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாத்தையும் அரசுப் பதிவேட்டில் எழுதி வைப்பாங்க. அதுல தப்பு இருந்தா நீங்களே பேனா எடுத்துத் திருத்த முடியாது; அதிகாரம் உள்ளவர் பார்த்துத்தான் மாற்றணும்.

நிரல் எழுதுறதிலும் இதே எண்ணம்தான். 1972-ல் டேவிட் பார்னஸ் சொன்னார்: ஒரு பகுதியின் உள் விவரம் மற்ற பகுதிகளுக்குத் தெரியவே கூடாது. தரவை உள்ளே பூட்டி வைத்து, எடுக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர் என்ற பழக்கம் பிறகு பரவியது.

1997-ல் ஜாவாபீன்ஸ் விதிகள் வந்தன. பெயர் 'கெட்', 'செட்' என்று தொடங்கினால், கருவிகளே ஒரு பொருளின் பண்புகளைக் கண்டுபிடித்துக்கொள்ளும். வசதிதான். ஆனா இருபது புலம் இருந்தா நாற்பது மெத்தட் எழுதணும். கை வலிக்குமா வலிக்காதா? அதனால எக்லிப்ஸ் போன்ற எடிட்டர்கள் ஒரே கிளிக்கில் எழுதிக் கொடுத்தன. 2007-ல் சி ஷார்ப் 3.0 ஒரே வரியில் முடித்தது. 2009-ல் ஜாவாவுக்கு லொம்போக் வந்தது. தலையில் ஒரு குறிப்பு வைத்தால் போதும், மெத்தடே கண்ணில் படாது.

நானும் கிளிக் செய்தவன்தான். படகுகளுக்கு டீசல் கடன் கணக்கு எழுதினேன். பாக்கிக்கும் தானியங்கி செட்டர். ஒரு நாள் தட்டச்சுப் பிழையில், இருக்க வேண்டிய தொகைக்குப் பதிலா மைனஸ் எண் வந்தது. என் செட்டர் ஒரு கேள்வியும் கேட்காம வாங்கி வைத்தது. விடியற்காலையில் அந்தப் படகுக்கு டீசல் தரல. கடலுக்குப் போகல. அதை நம்பியிருந்த ஆட்களுக்கு அன்னிக்கு வருமானம் இல்ல. பிழை தட்டச்சு செய்தவரோடது மட்டும் இல்ல, என்னோடதும்தான்.

அப்புறம்தான் புரிஞ்சது: கேட்டதை எல்லாம் எழுதிக் கொடுக்கிற எழுத்தர் இருந்தா, பதிவேட்டுக்குப் பூட்டு எதுக்கு? செட்டரை நீக்கிட்டு 'டீசல் எடு', 'பணம் கட்டு' என்று இரண்டு மெத்தட் வைத்தேன். இரண்டும் தொகையைச் சரிபார்க்கும்.

2021-ல் ஜாவா 16 'ரெக்கார்டு' என்ற வடிவத்தை நிலைப்படுத்தியது. கெட்டர் மாதிரியான மெத்தட் தானே வரும், செட்டர் கிடையாது. சரிபார்ப்பை உருவாக்கும் இடத்திலேயே வைக்கலாம். நல்ல திசை.

கருவி எழுதித் தரட்டும், தப்பில்ல. எதை மாற்ற விடணும்னு மட்டும் நாம முடிவு பண்ணணும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.