கடாரத்துச் செங்கல் தரும் சான்று

கடாரத்தின் வரலாற்றை நாம் நெடுங்காலம் எழுத்துச் சான்றுகளைக் கொண்டே அறிந்து வந்துள்ளோம். பட்டினப்பாலை சுட்டும் காழகத்தைக் கடாரம் என்பர் நச்சினார்க்கினியர். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடார வெற்றியைக் கூறுகிறது. 1834இல் ஜேம்ஸ் லோ செபராங் பிறையில் கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் பெருமாலுமியின் பெயரைத் தருகிறது. வந்தவர் யார் என்பதை எழுத்து சொல்லும். கோயிலுக்குச் செங்கல் எங்கே சுடப்பட்டது என்பதை அது சொல்வதில்லை.

பினாங்கின் வட எல்லையான மூடா ஆற்றைக் கடந்தால் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கை அடையலாம். அங்கு 1936, 1937 ஆண்டுகளில் அகழ்ந்த குவாரிச் வேல்ஸ், 1940இல் வெளியிட்ட ஆய்வில் அக்கோயில்களைப் பண்டை இந்தியக் குடியேற்றத்தின் சின்னங்களாகக் கண்டார். கட்டட அமைப்பும் சிலைகளுமே அவருக்குச் சான்றுகளாயின. செங்கல்லையே சான்றாக்கும் கருவிகள் பின்னரே தொல்லியலாரின் கைக்கு வந்தன.

அக்கருவிகளின் அடிப்படை 1895இல் ராண்ட்ஜன் கண்ட ஊடுகதிர் ஆகும். தனிமங்கள் வெளியிடும் ஊடுகதிரின் அதிர்வெண் அவற்றின் அணுவெண்ணைப் பொறுத்து ஒழுங்காக மாறுவதை மோஸ்லி 1913இல் நிறுவினார். பாறையையோ செங்கல்லையோ பொடித்து, வில்லையாக அழுத்தி, அதன்மீது ஊடுகதிரைச் செலுத்தினால், அணுவின் உள்வட்ட எலக்ட்ரான் வெளியேறும். வெளிவட்ட எலக்ட்ரான் அவ்விடத்தை நிரப்பும்போது புதிய கதிர் எழும். அக்கதிரின் ஆற்றல் தனிமத்தையும், அதன் செறிவு தனிமத்தின் அளவையும் காட்டும். இது ஊடுகதிர் ஒளிர்வு முறை. தனிமங்கள் எக்கனிமங்களாக அமைந்துள்ளன என்பதை அறிய ஊடுகதிர் விளிம்பு விளைவுக் கருவி வேண்டும். சுடும்போது களிமண் கனிமங்கள் சிதைவதால், எஞ்சியவற்றைக் கொண்டு சூளையின் வெப்பத்தையும் மதிப்பிடலாம்.

மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்விரு கருவிகளாலும் பூஜாங் கோயில்களின் செங்கற்களை ஆராய்ந்து, அவற்றின் சுவட்டுத் தனிமங்களை மூடா, பூஜாங் ஆற்றுப்படுகைகளின் களிமண்ணோடு ஒப்பிட்டனர். உள்ளூர் மண்ணே பயன்பட்டது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இம்முடிவின் எல்லையையும் நாம் உணர வேண்டும். இயைபு வேறுபட்டால் ஓரிடத்து மண் அன்று என உறுதியாக விலக்கலாம். ஒத்திருந்தால் அவ்விடத்து மண்ணாகலாம் என்றே கொள்ளலாம். செங்கல்லை அறுத்தவர் பேசிய மொழியை எக்கருவியும் காட்டாது. ஆயினும், கடல் கடந்து வந்த வழிபாட்டுக்கு இம்மண்ணே இல்லம் அமைத்தது என்பது இப்போது தெளிவாகிறது. இதனால் தமிழரின் கடல்வழி உறவு குறைவுபடுவதில்லை. அவ்வுறவில் இந்நாட்டு மக்களுக்கும் பங்குண்டு என்பது விளங்குகிறது. கடாரத்தைக் கற்பிக்கும் வகுப்பறையில் மெய்க்கீர்த்தியோடு செங்கல்லும் இடம்பெறுதல் வேண்டும்.