கண்டிச் சீமையின் புழுதியும் யந்திரத்தின் சுவாசமும்

1815-ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்பு, தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்குப் போட்ட நெடுஞ்சாலையையும், அதை அமைத்த கப்டன் டோசனின் ஞாபகார்த்தமாகக் கடுகண்ணாவையில் நிற்கும் கோபுரத்தையும் இலங்கைச் சரித்திரம் படித்தோர் அனைவரும் அறிவர். அந்த ராஜபாட்டையிலிருந்து கிளைத்து, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலை என்று மலைச்சரிவுகளெங்கும் வளைந்து ஏறிய தோட்டத்து மண்பாதைகளுக்கோ அத்தகைய பிரசித்தி வாய்க்கவில்லை. முதலில் கோப்பிக்காகவும், 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதன் பின் தேயிலைக்காகவும், கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்த நம் மக்களின் மண்வெட்டியும் கடப்பாரையும் திறந்த பாதைகள் அவை. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓடத் தொடங்கியபோது, அதற்கு எதிராக நின்ற சத்துரு செங்குத்தான ஏற்றமன்று, மழையன்று. மாசி, பங்குனி வெயிலில் சக்கரத்தின் பின்னே எழும்பும் புழுதியே.

தோட்டங்களில் பெரியதுரைக்கு மோட்டார் கார், மலை மலையாகச் சுற்றி வேலை பார்க்கும் சின்னதுரைக்கு மோட்டார் சைக்கிள் என்பது நெடுங்கால வழக்கம். அக்காலத்து இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரின் வாய் திறந்தே கிடந்தது. மலைமண்ணில் கலந்திருக்கும் படிகக் கல்லின் நுண்துகளோ இரும்பினும் கடினமானது. அது காற்றோடு உட்சென்று எண்ணெயில் குழைந்துவிட்டால், சிலிண்டரின் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் ஓயாமல் அராவிக்கொண்டேயிருக்கும். யந்திரம் வலுவிழந்து, எண்ணெய் எரிந்து, நீலப்புகை கக்கத் தொடங்கும்போதுதான் உள்ளே நிகழ்ந்த சேதம் புலப்படும்.

இந்தச் சேதத்தை உலகுக்கு உரக்கச் சொன்னது இரண்டாவது மகாயுத்தம். வட ஆபிரிக்கப் பாலைவனத்து மணலுக்கு அஞ்சி, பிரிட்டிஷ் ராணுவத்தார் பி.எஸ்.ஏ. எம் 20, நார்ட்டன் 16 எச் ஆகிய மோட்டார் சைக்கிள்களுக்கு வோக்ஸ் கம்பெனியின் காற்று வடிகட்டியை, பெற்றோல் தாங்கியின் மேலேயே ஒரு பெரிய பெட்டியாக, அழகைச் சிறிதும் பாராமல் பொருத்தினார்கள். அதே யுத்தத்தில், 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மௌண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்து சேர, அமைதியான கண்டி நகரம் ராணுவ வாகனங்களின் இரைச்சலால் நிறைந்தது. யுத்தம் முடிந்து 1948-இல் வெளிவந்த பி.எஸ்.ஏ. பாண்டம் என்னும் 123 சி.சி. சிறு வண்டியிலேகூட, எண்ணெயில் தோய்த்த கம்பிவலை ஒன்று காற்றின் வாயிலைக் காத்து நின்றது.

1960-களின் ஆரம்பத்திலிருந்து இலங்கையில் அந்நியச் செலாவணி முடையால் இறக்குமதி இறுக்கப்பட்டது. எழுபதுகளில் அந்த நெருக்கடி இன்னும் கடுமையாயிற்று. கழற்றி எறிந்து புதிது மாட்ட வேண்டிய காகித வடிகட்டி, கடையில் புதியது கிடைக்காத தேசத்தில் என்ன பிரயோஜனம் தரும்? கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டு மறுபடியும் மாட்டத்தக்க கம்பிவலையும் எண்ணெய்த்தொட்டி வடிகட்டியும் பழையன என்று ஒதுக்கப்பட்டவை எனினும், அந்த வருஷங்களில் மலைநாட்டுக்கு அவையே உகந்த சாதனங்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1972, 1975-ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசாங்கத்திடம் வந்தன. 1977-இல் இறக்குமதிக் கதவு திறந்தது. ஜப்பானிய வண்டிகள் பெருகின. காட்டுப்பாதைக்கென்றே அமைந்த ஜப்பானிய வண்டிகளுக்கு, 1968-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த யமஹா டி.டி. 1 முன்மாதிரியாய் இருந்தது. இவ்வகை வண்டிகளில் பரவிய கடற்பஞ்சு போன்ற ஃபோம் வடிகட்டி, நுண்ணறைகளின் கோணலான வழிகளில் காற்றைத் திருப்பித் திருப்பி விட்டு, ஒட்டும் எண்ணெயில் தூசியைப் பிடித்து நிறுத்துகிறது. டூ-ஸ்ட்ரோக் யந்திரத்தில் வெளிக்காற்று சிலிண்டரைச் சேருமுன் கிராங்க் அறைக்குள் புகுந்து செல்வதால், வடிகட்டியில் நேரும் சிறு கிழிசலும் முதலில் தின்பது பேரிங்குகளைத்தான்.

இன்று அந்தப் பழைய வண்டிகளை வைத்துப் பேணுவோருக்குப் புழுதியைக் காட்டிலும் பெரிய சங்கடம் இம்மலைகளின் ஈரமே. பல வருஷ ஈரப்பதத்தில் பழைய ஃபோம் தானாகவே சிதைந்து, விரல் பட்டால் மாவாக உதிர்கிறது. கவனியாமல் ஸ்டார்ட் செய்தால், தூசியைத் தடுக்க வைத்த பொருளையே யந்திரம் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே நெடுநாள் நின்ற வண்டியை வாங்கியவர் முதலில் திறக்க வேண்டியது வடிகட்டிப் பெட்டியைத்தான். ஃபோம் உறுதியாயிருந்தால், மண்ணெண்ணெயில் அமிழ்த்தி, முறுக்காமல் உள்ளங்கையால் அழுத்திப் பிழிந்து, பின் சவர்க்கார நீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். பெற்றோலில் கழுவுவது ஆகாது. ஒட்டுப்பசை விட்டுப்போவதுடன் நெருப்பு அபாயமும் உண்டு. முழுவதும் உலர்ந்த பிறகே எண்ணெயை ஊட்டி, மிகுதியைப் பிழிந்துவிட வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் பற்றாது.

கண்டியிலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் புறப்பட்டு 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவுக்குப் போகிறவர், இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். உயரே செல்லச் செல்லக் காற்று மெலிந்து, கலவையில் பெற்றோலின் விகிதம் தானே கூடுகிறது. வடிகட்டியும் அடைத்திருந்தால் பிளக் கரிபிடித்து, ஏற்றத்தின் நடுவிலேயே வண்டி திணறும். கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றப் பலர் விரைகிறார்கள். வடிகட்டியைக் கழுவிப் பார்க்காமல் ஜெட்டைத் தொடக்கூடாது. பெட்டியோடு பொருந்தும் விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டிய பின், அடுத்த ஓட்டம் முடிந்ததும் கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயின் உட்சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால், வேலை செம்மையாக நடந்ததா என்பது தெரிந்துவிடும். துணியில் செம்மண் படிந்தால், விளிம்பை மீண்டும் கழற்றிப் பொருத்த வேண்டியதுதான்.