குரூணில் பிறந்த இரண்டு என்ஜின்கள்

ஜெராய் மலையடிவாரத்துக் குரூணில் 1995இல் மொடெனாஸ் மோட்டார் சைக்கிள் நிறுவனம் உருவானது. மறு ஆண்டே அதன் கிரிஸ் வண்டி சாலைக்கு வந்தது. பின்னாளில் டினாமிக்கும் அதே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இரண்டும் காப்சாய் எனப்படும் சிறு மோட்டார் சைக்கிள் ரகம்தான். ஆனால் கிரிஸ் நான்கு ஸ்ட்ரோக், டினாமிக் இரண்டு ஸ்ட்ரோக். பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் பால்மரக் காட்டுக்கும் செம்பனைக்கும் செம்மண் தடத்தில் போய்வரும் வண்டிகள் இந்த இரண்டு இனங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். இளைஞர்கள் ஆசைப்படும் யமஹா ஆர்எக்ஸ்இசட்டும் டினாமிக்கின் இனமே. இரண்டு இனத்தையும் ஒரே ஸ்க்ரூ டிரைவரால் டியூன் செய்யலாம். ஒரே கணக்கில் செய்யக் கூடாது.

காரணம் ஆயில். கிரிஸுக்கு ஆயில் என்ஜினின் அடியில் தனியாகத் தேங்கி நிற்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் கொஞ்சம் குறைந்தால் வண்டி திணறும், சூடேறும், இழுவை போகும். உடனே பிஸ்டன் பிடித்துக்கொள்ளாது. இரண்டு ஸ்ட்ரோக்கிலோ பெட்ரோலும் டூ-டி எனப்படும் இரண்டு ஸ்ட்ரோக் ஆயிலும் ஒரே வழியாகப் போய் கிராங்கையும் பிஸ்டனையும் நனைக்கின்றன. டாங்கியிலேயே ஆயில் கலந்து ஊற்றும் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். தனி பம்ப் உள்ள வண்டியில் ஆயில் வந்துவிடும், ஆனால் பெட்ரோல் தரும் குளிர்ச்சி இருக்காது. காற்று மிகுந்த கலவையில் வண்டி முதலில் வேகமாக ஓடுவதுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பியே பல பிஸ்டன்கள் உருகியிருக்கின்றன.

கார்புரேட்டரின் கலவை ஸ்க்ரூ காற்று வடிகட்டிப் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது; திறக்கத் திறக்கப் பெட்ரோலின் பங்கு குறையும். இரண்டு ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் இதுதான். என்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது, திறந்தால் கூடும். பல நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் இப்படி. இடத்தைப் பார்க்காமல் பழகிய கையால் திருப்புகிறவர் கூட்ட நினைத்துக் குறைத்துவிடுவார்.

இரண்டு ஸ்ட்ரோக்கில் என்ஜினை நன்றாகச் சூடாக்கி, காற்று ஸ்க்ரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்கலாம். ஐடில் மிக உயரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் சுற்று உள்ளே திருப்ப வேண்டும். அந்த இடம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்தால் பைலட் ஜெட் சிறியது. இரண்டரையைத் தாண்டினால் பெரியது. கால் திறப்பு முதல் முக்கால் திறப்பு வரை ஊசியின் வேலை, அதற்கு மேல் மெயின் ஜெட்டின் வேலை. மெயின் ஜெட்டைச் சோதிக்க, நேர்ச்சாலையில் முழு வேகத்தில் ஓடி, கிளட்சைப் பிடித்தபடியே என்ஜினை அணைத்துப் பிளக்கைக் கழற்ற வேண்டும். வெளுத்திருந்தால் ஆபத்து. பழுப்பானால் சரி, கருத்து ஈரமாயிருந்தால் பெட்ரோல் அதிகம். கிரிஸிலும் இந்த நிறம் பேசும், ஆனால் பெரும்பாலும் பெட்ரோல் செலவையே சொல்லும்.

தோட்டத்து வேலை நேரம் இதில் நேரடியாகக் குறுக்கிடுகிறது. பட்டறை டியூன் செய்வது நண்பகல் வெயிலில்; பால் வெட்டுக்குப் புறப்படுவதோ விடியும் முன் குளிரில். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. நண்பகலில் மிகச் சரியாக, விளிம்பில் நிறுத்தப்பட்ட கலவை, விடியலில் காற்று மிகுந்ததாகிவிடும். கிரிஸ் அதைத் தாங்கும். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு நண்பகலிலேயே சிறிது பெட்ரோல் கூட்டி வைக்க வேண்டும், புகை தெரிந்தாலும் பரவாயில்லை. சத்தத்துக்காக வடிகட்டியைக் கழற்றி ஓட்டும் பழக்கமும் கலவையில் காற்றைக் கூட்டுவதால் ஆபத்து. செம்மண் தூசி உள்ளே போவது தனிக் கேடு.

ஜெராயின் உச்சி 1,217 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு மேல் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெலிகிறது. ஏறும்போது இரு வண்டிகளும் புகைத்து இழுவை இழக்கும். மேலே வைத்து யாரும் ஸ்க்ரூவைத் தொடக் கூடாது, கீழே வந்ததும் அது தவறாகிவிடும். இறங்கும்போதுதான் வேறுபாடு பெரிது. கிரிஸ் ஓட்டுபவர் த்ராட்டிலை மூடியபடி கியரிலேயே இறங்கலாம். இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டுபவர் ஒவ்வொரு வளைவிலும் ஒருமுறை த்ராட்டிலைத் திருகி, பிஸ்டனுக்கு ஆயில் போக வைத்தபடிதான் குரூணுக்கு இறங்க வேண்டும்.