தீவகத்து மோட்டார் வண்டியும் கறுத்த எண்ணெயும்

ஊர்காவற்றுறை என்றதும் கடலும் கப்பலுமே நினைவுக்கு வருதல் இயல்பு. யானைகளை ஏற்றி அனுப்பிய துறை என்னும் பொருளிற் போர்த்துக்கேயர் வழங்கிய பெயரே நாளடைவிற் குறுகி 'கயிற்ஸ்' ஆயிற்று. பின்வந்த ஒல்லாந்தர் அத்தீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரான 'லெய்டன்' என்பதைச் சூட்டினர். துறைக்கு எதிரே நீர் நடுவில் நிற்கும் கடற்கோட்டை இன்றும் அக்காலங்களுக்குச் சான்று. அத்தீவின் தரைவழிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை அதிகம் பேசுவாரில்லை. பழைய மோட்டார் வண்டியொன்றின் எஞ்சினில் ஊற்றிய எண்ணெய் ஏன் அத்துணை விரைவிற் கறுத்தது என்னும் எளிய கேள்வியிலிருந்து அதனைத் தொடங்கலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் இலங்கைக்கு வந்த கார்களிற் பெரும்பாலானவை இங்கிலாந்திற் செய்யப்பட்டவை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்பன யாழ்ப்பாணத்துச் சிறுவர்களுக்கும் தெரிந்த பெயர்கள். இவற்றுள் ஏ40 என்பது மக்கள் நாவில் 'ஏ போட்டி' ஆகிவிட்டது. 1947இல் 'டெவன்' என்றும், 1952இல் 'சமசெற்' என்றும் வெளிவந்த அவ்வண்டிகளின் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடையது. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்திருந்த தீவகத்தார் பலர். பண்ணைக் கடலைக் கடக்கும் தாம்போதி வழியாக மண்டைதீவுச் சந்தியைத் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை, நாரந்தனை, கரம்பொன் என்று ஊர்காவற்றுறை வரை கார் செல்லும். அங்கிருந்து காரைநகருக்குப் போக, 'பாதை' என்று மக்கள் வழங்கும் மிதவை உண்டு. தரைவழியைக் குறிக்கும் சொல்லைக் கடலிலே மிதக்கும் பலகைக்கு இட்டது ஒரு நயம்.

இவ்வண்டிகள் தம் இயல்பான ஆயுளோடு மறைந்திருக்க வேண்டியவை. அவ்வாறு மறையாமைக்குக் காரணம் 1960களின் தொடக்கத்தில் நாட்டைப் பிடித்த அந்நியச் செலாவணி நெருக்கடி. தனியார் கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோயிற்று. 1977இல் பொருளாதாரக் கொள்கை மாறும் வரை, இருந்த வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டியதாயிற்று. பத்தாண்டு ஓடிக் கழிய வேண்டிய கார் இருபத்தைந்து ஆண்டு ஓடியது. சிலிண்டரை மீளக் கடைந்து, அளவிற் பெரிய பிஸ்டன் இட்டு, அதுவும் தேய்ந்தபின் உள்ளுறை பொருத்திப் பழைய அளவுக்கே கொண்டுவரும் கலை கராஜ்களில் வளர்ந்தது.

எஞ்சின் எண்ணெய் புதிதாக ஊற்றும்போது தேன் நிறமுடையது. அளவுகோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் எங்கே முடிகிறது என்றுகூட எளிதிற் தெரியாது. நல்ல நிலையிலுள்ள பெற்றோல் எஞ்சினில் அது பல நூறு மைல் ஓடியபின்னரே கபில நிறமாகி, பிறகு மெல்லக் கருமையடையும். பழைய வண்டியிலோ சில நாட்களிலேயே மை போலாகிவிடும். இதற்குரிய காரணத்தைப் பலர் எண்ணெயிலே தேடுவர். மலிவான எண்ணெய், கலப்பட எண்ணெய் என்று கடைக்காரரை நோவர். கடைக்காரர் சில வேளைகளிற் குற்றவாளியாகவும் இருக்கலாம். ஆயினும் பெரும்பாலும் காரணம் எஞ்சினுள்ளேயே இருக்கிறது.

சிலிண்டரினுள் எரியும் எரிபொருள் முற்றாக எரிவதில்லை. எரியாத கரி, நுண்ணிய புகைத்தூளாக எஞ்சுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு நன்கு பொருந்தியிருக்கும்வரை அப்புகை வெளிக்குழாய் வழியே போய்விடும். சுவர் தேய்ந்து, வட்டமாயிருந்தது நீள்வட்டமாகி, வளையங்களும் தம் விறைப்பை இழந்தபின், எரிந்த வாயுவின் ஒரு பகுதி பிஸ்டனைக் கடந்து கீழிறங்கி எண்ணெயைச் சேர்கிறது. வாயுவோடு புகைத்தூளும் நீராவியும் அமிலமும் இறங்குகின்றன. புகைத்தூளின் துணிக்கை மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறியது. எண்ணெய் வடிகட்டி தடுக்கக்கூடியது அதனிலும் பன்மடங்கு பெரிய துணிக்கைகளையே. ஆதலின் வடிகட்டியை எத்தனை முறை மாற்றினாலும் கருமை போகாது. அக்கால வண்டிகளில் அடித்தொட்டியிற் சேரும் வாயுவைச் சாதாரணக் குழாயொன்றின் வழியே, வண்டி ஓடும் வேகத்தால் உண்டாகும் காற்று இழுத்தெடுக்க வேண்டும். அவ்வாயுவை மீள எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும் அமைப்பு 1960களிலேதான் பரவியது. மெதுவாகச் செல்லும் வண்டியில் அக்குழாய் பெயருக்கே இருந்தது.

தீவகத்திலே வண்டிகள் மெதுவாகவே ஓடின, தூரமும் குறைவு. கரம்பொன்னிலிருந்து துறைவரை, வேலணையிலிருந்து சந்தைவரை, புங்குடுதீவுப் பக்கத்திலிருந்து நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான்வரை, எல்லாம் சில கட்டை தூரமே. எஞ்சின் நன்கு சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். சூடேறாத சிலிண்டரில் பெற்றோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரை நனைத்துக் கீழிறங்கும். நீராவி குளிர்ந்து நீராகும். கரியும் நீரும் எண்ணெயும் கலந்து சேறாகிப் படியும். நெடுந்தூரம் ஓடிய கொழும்புக் காரிலும், நாளுக்கு நாலு முறை புறப்பட்டு நிற்கும் தீவகக் காரில் எண்ணெய் விரைந்து கெடுவது இதனாலேயே. உப்புக் காற்று இரும்புத் தகட்டை அரிக்கும் என்பது உண்மை. எண்ணெய் கறுப்பதற்கு அதன்மேற் பழி சுமத்துவதிற் பொருளில்லை.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் நலம். 1930களில் டீசல் எஞ்சின்களுக்கென்று, அழுக்கைக் கழுவித் தன்னுள் மிதக்க வைக்கும் சேர்மானம் கலந்த எண்ணெய்கள் தோன்றின. போருக்குப் பின் அவை பெற்றோல் வண்டிகளுக்கும் வந்தன. அதற்கு முந்திய எண்ணெய், கரியை ஆங்காங்கே படியவிட்டுத் தான் ஓரளவு தெளிவாயிருந்தது. புதிய எண்ணெயோ பல ஆண்டுப் படிவையும் கரைத்தெடுத்து ஒரு வாரத்திற் கறுத்தது. கறுத்ததைக் கண்டு அஞ்சிப் பழைய வகைக்கே திரும்பியோர் எல்லா நாட்டிலும் இருந்தனர். கறுத்த எண்ணெய் தன் வேலையைச் செய்கிற எண்ணெயாகவும் இருக்கலாம். நிறத்தைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லலாகாது. விரலிடையே தேய்த்து அதன் தடிப்பையும், முகர்ந்து அதன் மணத்தையும், அளவுகோலில் அதன் மட்டத்தையும் பார்க்க வேண்டும். இம்மூன்றும் யாழ்ப்பாணத்தில் உயிர்ப் பிரச்சினையான காலம் ஒன்று வந்தது.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் தீவகம் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மக்களிற் பெரும்பகுதியினர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். பண்ணைத் தாம்போதி வழி அடைபட்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, உரம் முதலியன தடைசெய்யப்பட்டன. மின்கலம் கிடையாமையால் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்கள் அவர்கள். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கிலே மாணவர் படித்தனர். மண்ணெண்ணெயே மட்டான அளவில் வந்த எரிபொருள். விளக்கும் அதில், தோட்டத்து நீரிறைப்பும் அதில், காரும் அதில் ஓட வேண்டியதாயிற்று.

காரை மண்ணெண்ணெயில் ஓட்டும் அறிவு வெறுமனே தோன்றியதன்று. துலா மிதித்து நீரிறைத்த யாழ்ப்பாணத் தோட்டங்களில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை பெற்றோலிற் புறப்பட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. இங்கிலாந்திலும் போரின் பின் உழவு இயந்திரங்கள் இவ்வாறே ஓடின. தோட்டத்திற் கண்ட முறையைக் காருக்கும் ஏற்றினர் திருத்துநர். சிறு போத்தலொன்றிற் பெற்றோல் இருக்கும்; எஞ்சினைத் தொடக்கச் சில துளி காபரேற்றருக்கு விடப்படும்; சூடேறியதும் மண்ணெண்ணெய் திறக்கப்படும். வெண்புகையும் மணமும் தெருவை நிறைத்தன.

இதற்குப் பழைய வண்டிகளே தகுந்தவை. மண்ணெண்ணெய் அழுத்தத்தில் எளிதில் முன்கூட்டியே வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும் இயல்புடையது. பிற்கால ஜப்பானிய வண்டிகளின் உயர்ந்த அழுத்தத்தை அது தாங்காது. ஏ40இன் எஞ்சினில் அழுத்த விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. அது முனகிக்கொண்டாவது ஓடியது. 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடு வைத்துவிட்டுப் போன கிழட்டுக் கார்கள் 1990களின் முற்றுகைக்கு இவ்வாறு பயன்பட்டன. நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றதும், இடம்பெயர்ந்தவரின் மூட்டையைச் சுமந்ததும் இவையே.

அந்த எஞ்சின்களுள் எண்ணெய்க்கு நேர்ந்தது யாது? பெற்றோலின் பெரும்பகுதி 200 பாகை சென்ரிகிரேட்டுக்குள் ஆவியாகிவிடும்; மண்ணெண்ணெய்க்கு 150 முதல் 300 பாகை வரை வேண்டும். காபரேற்றரில் அது முழுமையாக ஆவியாகாமல் துளிகளாகவே சிலிண்டருக்குட் செல்கிறது. அரைகுறையாக எரிந்து மிகுந்த கரியைத் தருகிறது. ஆதலின் எண்ணெய் ஓரிரு நாளிலேயே கறுக்கிறது. எரியாத துளி, சுவரில் எண்ணெய் இட்ட மெல்லிய படலத்தைக் கழுவிக்கொண்டு அடித்தொட்டிக்கு இறங்குகிறது. அங்கே எண்ணெய் நீர்த்துப்போகிறது. எண்ணெய் குறைய வேண்டிய பழைய எஞ்சினில் அளவுகோலின் மட்டம் உயர்ந்து காட்டும். ஊற்றாத எண்ணெய் கூடியிருப்பது நற்செய்தியன்று, அது மண்ணெண்ணெய். கருமையைக் கண்டு கலங்கத் தேவையில்லை என்று முன்னர்ச் சொன்னது இங்கே அப்படியே செல்லாது. கருமையோடு தடிப்பும் இழந்த எண்ணெய், தாங்கிகளையும் சுவரையும் காக்கும் ஆற்றலற்றது.

அதனை மாற்றலாமே எனின், ஓர் ஏ40க்கு நான்கைந்து லீற்றர் எஞ்சின் எண்ணெய் வேண்டும். கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகிற் கடந்து உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு மக்கள் போய்வந்த நாட்களில், நான்கு லீற்றர் எண்ணெய் சிறு பொருளன்று. ஆகவே நீர்த்த எண்ணெயிலேயே எஞ்சின்கள் தொடர்ந்து ஓடின. சுவர்கள் மேலும் தேய்ந்தன. தேய்ந்த சுவர் மேலும் கரியை இறக்கியது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இச்சுழலிலே, ஓர் எஞ்சின் இருபது ஆண்டில் அடைய வேண்டிய முதுமையைச் சில ஆண்டுகளில் அடைந்தது.

1995இன் இறுதியில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் கைக்கு வந்தபின் எரிபொருள் கப்பல் வழியே சிறிது சிறிதாக வரத் தொடங்கியது. 2002ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும் பெற்றோலும் நல்ல எண்ணெயும் தாராளமாயின. பலர் புதிய எண்ணெயை ஊற்றிவிட்டு, அது தேன் நிறமாகவே நிற்கும் என்று எதிர்பார்த்தல் இயல்பே. எண்ணெயோ முன்போலவே கறுத்தது. எரிபொருள் மாறியும் கருமை மாறாமைக்குக் காரணம், மண்ணெண்ணெய் ஆண்டுகள் சிலிண்டரிற் செதுக்கிவிட்டுப் போன தேய்வு. சிலிண்டரைக் கடைந்து வளையங்களை மாற்றிய வண்டிகளிலேயே எண்ணெய் மீண்டும் தன் நிறத்தைப் பல நூறு மைலுக்குக் காத்தது. அச்செலவு தாங்காதோர் அடிக்கடி எண்ணெய் மாற்றினர். சற்றுத் தடித்த எண்ணெயை ஊற்றிப் புகையைக் குறைத்தனர். அது பிழையான வைத்தியமன்று. நோயைத் தீர்க்காத வைத்தியம் என்பதே உண்மை.

2006 ஓகஸ்டில் நெடுஞ்சாலை மறுபடி மூடப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்தபின் தென்னிலங்கையிலிருந்து புதிய வண்டிகள் பெருகின. ஊர்காவற்றுறைக்குத் திரும்பிவந்தோர் முற்றத்திலும் கொட்டிலிலும் எஞ்சிய பழைய கார்கள் சில மீண்டும் தெருவுக்கு வந்தன. பல துருப்பிடித்தே முடிந்தன.

2020 மார்ச்சில் நாடு மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேதான் நீங்கியது. இடையே 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டன. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. வெளியிணை இயந்திரம் பூட்டிய படகுகளில் மண்ணெண்ணெயை நம்பித் தொழில் செய்யும் தீவக மீனவரை அது தாக்கியது. காருக்கு அதனை ஊற்றலாமோ என்ற பழைய கேள்வி அந்நாட்களில் மீண்டும் எழுந்திருப்பின், ஒரு காலத்தில் அதிலேயே வண்டி ஓட்டிய கிழத் திருத்துநர் விலையைப் பேசியிரார். அளவுகோலை உருவி, எண்ணெயின் மட்டம் ஏறியிருக்கிறதா என்று பார்த்திருப்பார்.